உயரமும் ஒரு தூரம்தான்

(மதுரையில் பொது அரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். மதுரையிலிருந்து கொடைக்கானல் எவ்வளவு தூரம்?

முன்வரிசையில் ஓர் ஐயா "120 கிலோமீட்டர்" என்கிறார். சரியான விடை. ஆனால் பாதி விடை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 170 அடி. அதைப்போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போங்கள். கிட்டத்தட்ட 40 கோபுரம் அடுக்கினால் கொடைக்கானல் ஏரிக்கரை வரும். தரையில் 120 கிலோமீட்டர். வானத்தில் 40 கோபுரம். முதல் தூரத்துக்கு நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். இரண்டாவது தூரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. காசு கேட்காத தூரத்தை நாம் கணக்கில் வைப்பதும் இல்லை.

உயரமும் ஒரு தூரம்தான். இன்றைய பேச்சின் தலைப்பு இதுதான். சொல்ல வந்ததும் இதுதான்.

நம் மலையைப் பற்றிப் பேசுமுன் உங்களை ஒரு தொலைதூர நாட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நம் முகத்தை நாமே பார்க்க முடியாது, கண்ணாடி வேண்டும். நம் மலைக்கு நான் கண்டெடுத்த கண்ணாடி, தென் அமெரிக்காவில் இருக்கும் பொலிவியா. நான் அங்கே கால் வைத்தவன் அல்ல. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்துப் படித்துப் பயணம் செய்தவன்.

அந்த நாட்டின் அரசு நடக்கும் நகரம் லா பாஸ். அதன் விமான நிலையம் எல் ஆல்ட்டோ என்ற மேட்டு நகரத்தில் இருக்கிறது. உயரம் 4,000 மீட்டருக்கும் மேல். நம் கணக்கில் 75 கோபுரத்துக்கும் அதிகம். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா மேல் இன்னொரு பாதித் தொட்டபெட்டாவை வைத்தாலும் அந்த ஓடுதளத்துக்குக் கொஞ்சம் குறையும். கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியைத் தூக்குகிறவனுக்குத் தலை கிறுகிறுக்கும்.

அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. 1879-இல் தொடங்கிய ஒரு போரில் கடற்கரையை இழந்துவிட்டது. ஆனால் கடற்படை உண்டு! சிரிக்கிறீர்கள். 3,812 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா என்று ஓர் ஏரி. அதில் அந்தக் கடற்படையின் படகுகள் ஓடுகின்றன. கடல் இல்லையே தவிர உப்புக்குப் பஞ்சமில்லை. உயுனி என்ற உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் மதுரை மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். நமக்கு உப்பு தூத்துக்குடியிலிருந்து, கடல் மட்டத்திலிருந்து வருகிறது. அவர்களுக்கு உப்பே 70 கோபுர உயரத்தில் விளைகிறது. மழைக்காலத்தில் அந்த வெளியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால், வானம் அப்படியே காலடியில் கிடக்கும்.

சரி, கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டோம். இனி நம் பஸ்ஸில் ஏறுவோம்.

அரப்பாளையத்தில் ஏறுகிறோம். வெயில் முதுகில் அறைகிறது. வாடிப்பட்டி தாண்டும்போது வலப்பக்கம் சிறுமலை கூடவே வருகிறது. இடப்பக்கம் நெல் வயல்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் வருகிறது. கொடைரோடு, நிலக்கோட்டை, மல்லிகைத் தோட்டங்கள், பிறகு வத்தலக்குண்டு. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊர். அங்கே டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் காட் ரோடு. வண்டி மூக்கைத் தூக்குகிறது. மலை தொடங்கிவிட்டது.

இங்கிருந்துதான் இரண்டாவது தூரம் ஆரம்பம். எப்படித் தெரியும்? மூன்று அடையாளம் சொல்கிறேன். முதலாவது, காது அடைக்கும். இரண்டாவது, குழந்தை கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் ஊதிய பலூன்போல் உப்பும். வெளியே காற்றின் அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட காற்று புடைத்துக்கொள்கிறது. மூன்றாவது, பக்கத்து சீட்டு அம்மா மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "தம்பி, ஜன்னல் சீட்டைக் கொஞ்சம் குடுக்குறியாப்பா?" என்பார். கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் நல்லது!

நமக்கு எலுமிச்சம்பழம், பொலிவியாக்காரருக்கு என்ன? கோகா இலை. மலையேறும்போது மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். வெறும் இலையை மெல்வதில்லை. கூடவே கொஞ்சம் சாம்பல் உருண்டை. நம் தாத்தாக்கள் வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பதுபோல. இன்னொன்றும் பாருங்கள். அந்த இலை உச்சியில் விளையாது. யுங்காஸ் என்ற கீழ்ச்சரிவுகளில் விளைந்து மேலே போகிறது. நம் சோழவந்தான் வெற்றிலையும் அப்படித்தானே? கீழே கொடிக்காலில் தழைக்கிறது. மேலே குளிரில் நடுங்குகிறவனின் வாயில் சிவக்கிறது.

டம்டம் பாறையில் வண்டி நிற்கிறது. எதிரே தலையாறு அருவி. ஜனங்கள் எலிவால் அருவி என்பார்கள். கிட்டத்தட்ட 300 மீட்டர் வெள்ளை நூலாகத் தொங்குகிறது. கீழே மஞ்சளாறு அணை, ஒரு தாம்பாளம் அளவுக்கு. இன்னும் ஏறினால் புளியமரம் மறைந்து காப்பிச் செடி. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழை. அப்புறம் பேரிக்காய், பிளம்ஸ். அதற்கும் மேலே சோலைக்காடும் புல்வெளியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடுகிறது. அரப்பாளையத்தில் விசிறிக்கொண்டு ஏறியவன் பெருமாள்மலையில் ஸ்வெட்டரைத் தேடுகிறான். இதே மாற்றத்தைத் தரையில் பார்க்க வேண்டுமென்றால் பல நூறு கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். பஸ் இதைச் சில மணி நேரத்தில் காட்டிவிடுகிறது.

மேலே வீடு பிடித்துச் சமைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. உயரம் கூடினால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் அந்தக் கொதிப்பில் சூடு குறைவு. கொடைக்கானலில் 93 டிகிரி சுமாரில் கொதிக்கும். லா பாஸில் 88 சுமாரிலேயே கொதித்துவிடும். மலை முதலில் பாடம் நடத்துவது அடுப்படியில்தான்.

உயரத்தால் உலகம் மாறுகிறது என்று யார் முதலில் கண்டுபிடித்தார்? நாம்தான் என்று மார்தட்ட ஆசை. மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம் என்று நிலத்தைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பறையும் தெய்வமும் வைத்தவர்கள் நாம். ஆனால் பொலிவியா அமர்ந்திருக்கும் ஆண்டிஸ் மலைக்காரர்கள் அதை வாழ்க்கை ஏற்பாடாகவே வைத்திருந்தார்கள். ஜான் முர்ரா என்ற மானுடவியலாளர் அதை ஆராய்ந்து, செங்குத்தான தீவுக்கூட்டம் என்று பெயரிட்டார். ஒரே சமூகத்தார் உச்சியில் லாமா மேய்ப்பார்கள்; நடுச்சரிவில் உருளைக்கிழங்கும் அதற்குக் கீழே மக்காச்சோளமும் போடுவார்கள்; அடிச்சரிவில் கோகாவும் மிளகாயும். ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பிகளே வேறு வேறு உயரத்தில் இருப்பார்கள். விளைந்தது மேலும் கீழும் போகும், வரும். ஓர் உயரம் பொய்த்தால் இன்னோர் உயரம் சோறு போடும்.

நம்மிடம் அப்படி இல்லையா? நாளைக் காலை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் விளைவது. சிறுமலை வாழை, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மலையிலிருந்து இறங்குகின்றன. அரிசியும் எண்ணெயும் துணியும் மேலே ஏறுகின்றன. நம்மிடமும் அந்தச் செங்குத்துத் தீவுக்கூட்டம் உண்டு. ஒன்றுதான் வித்தியாசம்: மேலே இருப்பவரை அவர்கள் அண்ணன் என்று நினைத்தார்கள். நாம் 'ஸ்பாட்' என்று நினைக்கிறோம்.

உருளைக்கிழங்கு என்றதும் ஒரு செய்தி. நம் பூரிக்கு மசாலாகிற இந்தக் கிழங்கைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதன்முதலில் பயிராக்கியவர்கள் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியிருந்த மலைக்காரர்கள். நிலக்கடலையின் பூர்வீகம் தெற்குப் பொலிவியாவும் அதை ஒட்டிய அர்ஜென்டினாப் பகுதியும். உசிலம்பட்டிச் சீமையின் கரிசலிலும் செம்மண்ணிலும் கடலை பிடுங்கிய கைகளே, உங்கள் செடிக்குச் சொந்த ஊர் பொலிவியா! தமிழில் அதற்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டே? அது வழியில் தங்கிய துறைமுகத்தின் பெயர்.

அந்த மலைக்காரர்கள் உருளைக்கிழங்கை எப்படிச் சேமிப்பார்கள் தெரியுமா? உறைபனி இரவில் திறந்தவெளியில் பரப்புவார்கள். கிழங்கு கல்லாக உறையும். காலையில் வெயில் பட்டு இளகும். குடும்பமே ஏறி நின்று மிதித்துத் தண்ணீரைப் பிழியும். மறுபடி இரவுப் பனி, மறுபடி பகல் வெயில். சில நாளில் கெட்டியான வற்றல் கிடைக்கும், பெயர் சுன்யோ. ஆண்டுக்கணக்கில் கெடாது. நம் பாட்டிமார் மொட்டைமாடியில் மிதுக்கு வற்றலைக் காயப்போட்டுவிட்டுக் காக்கா ஓட்டுவதற்கு நம்மை உட்கார வைப்பார்களே, அதே வித்தை! நமக்கு வெயில் மட்டும் கையாள். அவர்களுக்குப் பனியும் வெயிலும் இரண்டு கையாட்கள்.

இனி நகரங்களுக்கு வருவோம். லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அங்கே பணக்காரர் எங்கே குடியிருப்பார்? கீழே. கிண்ணத்தின் அடியில் குளிர் குறைவு, மூச்சு எளிது. ஏழை எங்கே? மேலே, காற்று வெட்டும் எல் ஆல்ட்டோவில். மேலேயிருந்து கீழே வேலைக்கு இறங்கி, இருட்டியதும் ஏறிப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். 2014 முதல் அவர்கள் தலைக்கு மேலே கம்பி வண்டிகள் ஓடுகின்றன. பழனி மலையில் நாம் ரோப்கார் விட்டது சாமி பார்க்க. அவர்கள் விட்டது ஆபீசுக்குப் போக.

கொடைக்கானல் நேர்மாறு. அங்கே வசதியானவர்கள்தான் மேலே ஏறினார்கள். 1821-இல் வார்டு என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் அந்த மலையை அளந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார் மேலே வீடு கட்டினார்கள். கீழே காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தன. 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடைக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கினார். மலையுச்சித் தெளிவானத்தை நம்பிச் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டு சொன்னார். மோட்டார் சாலை 1914-இல்தான் வந்தது.

அப்படியானால் அதற்கு முன்னால், எழுபது வருடம், அந்தத் துரைகளும் துரைசானிகளும் எப்படி ஏறினார்கள்? டோலியில். பியானோவும் பீங்கானும் கூட மனிதத் தோளில் ஏறின. வார்டு பெயர் தெரிகிறது, லெவிஞ்ச் பெயர் தெரிகிறது. தூக்கிய தோள்களின் பெயர் என்ன? ஒரு கல்வெட்டிலும் இல்லை. அந்தத் தோள்களுக்கும் முன்னால் அந்த மலையைத் தேன்கூடு தேன்கூடாக அறிந்தவர்கள் பளியர். அவர்களைக் கேட்டா ஏரி வெட்டினார்கள்?

பழைய தடம் ஒன்று இன்றும் இருக்கிறது. கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல் போகும் நடைபாதையில் வெள்ளகவி என்று ஓர் ஊர். வெகுகாலம் சாலையே எட்டாத ஊர். ஊரெங்கும் கோயில், அதனால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. மலை மொத்தமும் கோயில் வாசல் என்று நினைத்து நடக்கிறார்கள். ஏ.சி. காரில் ஏறி, ஏரியைச் சுற்றி, சாக்லேட் வாங்கி, காலிப் பாட்டிலை வளைவில் வீசிவிட்டு இறங்குகிற நாம் அந்த ஊருக்குள் நுழைந்தால் எதைக் கழற்ற வேண்டும்? செருப்பை மட்டுமா?

மறுபடி கண்ணாடியைப் பாருங்கள். பொலிவியாவில் பொட்டோசி என்று ஒரு நகரம், 4,000 மீட்டருக்கும் மேல். 1545-இல் அங்குள்ள மலையில் வெள்ளி கண்டெடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர். ஐரோப்பாவின் பெருநகரங்களுக்குச் சமம். வெள்ளியைக் கல்லிலிருந்து பிரிக்கப் பாதரசம் வேண்டும். கிராமங்களிலிருந்து ஆண்களில் ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் முறைவைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுரங்கம் கொன்றது பாதி, பாதரச ஆவி கொன்றது பாதி. வெள்ளி கடல் கடந்தது. விஷம் ஊரோடு தங்கிவிட்டது.

பாதரசம் என்றதும் இந்த அரங்கில் சிலர் முகம் மாறுகிறது. ஆமாம், நம் மலைக்கும் அது வந்தது. 1980-களில் கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கியது. 2001-இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு என்று ஒன்று எட்ட 2016 ஆயிற்று. 15 ஆண்டு. அந்த ஆலைக்குப் பின்சரிவில் இருப்பது பாம்பார் சோலை. பாம்பாறுதான் கீழே கும்பக்கரை அருவியாக விழுகிறது. காய்ச்சல் பார்க்க நாக்கின் அடியில் வைத்த கருவிக்குள் ஒரு மலையின் காய்ச்சல் இருந்தது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

மேலே செய்வது கீழே வரும். பூண்டு வருவதுபோல வரும். தண்ணீர் வருவதுபோல வரும்.

தண்ணீரைச் சொல்லி முடிக்கிறேன். லா பாஸ் அருகே சக்கல்தாயா என்று ஒரு பனியாறு இருந்தது. ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான பனிச்சறுக்கு மைதானம் அதன்மேல்தான். 2009-இல் அது முற்றிலும் உருகித் தீர்ந்தது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியான பூப்போ 2015-இல் வற்றி வெறும் தரையானது. மறு ஆண்டு லா பாஸ் மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். குடங்களோடு லாரிக்கு நிற்பது எப்படி என்று மதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நமக்குப் பனிமலை இல்லை. ஆனால் சோலை இருக்கிறது. சோலையும் அதை ஒட்டிய புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. அந்தச் சொட்டுகள்தான் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி. எல்லாம் வைகைக்கு வருகிறவை. அந்தப் புல்வெளியில் யூகலிப்டசும் சீகையும் நட்டு நாம் பஞ்சைக் கிழித்தோம். 1895-இல் மேற்கே ஓடிய பெரியாற்றையே பொறியாளர் பென்னிகுவிக் குகை வெட்டி நம் பக்கம் திருப்பினார். இன்றும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். நல்லது. இருக்கிற சோலையைக் காப்பாற்றுகிறவருக்கு என்ன போடுவோம்?

பொலிவியாவில் ஸ்பானியத்தோடு சேர்த்து 37 மொழிகள் ஆட்சிமொழி. அதில் ஒன்று அய்மாரா. அந்த மொழியில் கடந்தகாலம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வருங்காலம் முதுகுக்குப் பின்னால். நடந்து முடிந்ததைத்தானே பார்க்க முடியும்? வரப்போவது கண்ணுக்குத் தெரியாது; அதனால் அது பின்னால். மேல்நாட்டு அறிஞர்கள் இதைக் கேட்டு வியந்தார்கள். நான் வியக்கவில்லை. நாமும் அப்படித்தான் பேசுகிறோம். போனவர்களை 'முன்னோர்' என்கிறோம். வரப்போவதை 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம். சக்கல்தாயாவும் பூப்போவும் பொட்டோசியும் இன்று நம் முன்னால் நிற்கின்றன. நமக்குப் பின்னால் நிற்பது யார்? அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார்களே, இந்தத் தம்பிகளும் தங்கைகளும்தான்.

2018-இல் குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்து 2030. அன்று நீங்கள் மேலே போவீர்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நில்லுங்கள். வானம் தெளிந்திருந்தால் ஒருபுறம் பழனிமலை தெரியும். மறுபுறம் தூரத்தில் வைகை அணை மினுங்கும். அது உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதைப் படம் பிடிக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

பிறகு பஸ் ஏறி இறங்குங்கள். ஏறும்போது அடைத்த காது, இறங்கும்போது வத்தலக்குண்டுப் பக்கம் 'டப்'பென்று திறக்கும். அதுவரை மங்கலாகக் கேட்ட சத்தமெல்லாம் பளிச்சென்று விழும். டீக்கடைப் பாட்டு, ஹாரன், பூக்காரம்மா கூவும் குரல். அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். காது திறந்திருக்கிறது. மேலே மலை என்ன சொல்லி அனுப்பியது என்று யோசித்துப் பாருங்கள்.